முங்கிய கப்பலின் விலாசம்

அப்பா இளவயதில் சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை டார்பிடோ விட்டுத் தகர்த்தது. தப்பியவர்கள் படகில் கிடந்தபோது அதே நீர்மூழ்கி பக்கத்தில் வந்து எழுந்தது. மீசை முளைக்காத பையன்கள் ஒரு டின் தண்ணீரை இறக்கிக் கொடுத்து, கரை இருக்கும் திசையைக் கைகாட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். அப்பா சாகும்வரை அவர்களை வாழ்த்தினார். எனக்கு எரிச்சலாக வரும். கொன்றவனுக்கு என்ன கும்பிடு? கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பாய்லரோடு போனார்களே.

அக்கா அப்பாவின் பக்கம். எழுபத்தைந்து வயதில், இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, அந்தப் பையன்களில் ஒருவர் வீட்டுக்காவது நன்றி சொல்லிக் கடிதம் எழுதியே ஆகவேண்டும் என்று என் உயிரை எடுத்தாள். அப்பாவின் பணிப் புத்தகத்தில் இருந்த கப்பல் பெயரை வைத்து இணையத்தில் துழாவினேன். அதைத் தகர்த்த நீர்மூழ்கியின் விவரம் கிடைத்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அது முங்கிட்டுக்கா."

"முங்குத கப்பல் முங்காம, பறக்கவா செய்யும்? விலாசத்தச் சொல்லுலே."

தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு முங்குவது என்றால் எழுவதும் அதற்குள் அடக்கம். பச்சையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"திரும்ப மேல வரலக்கா. அடுத்த பயணத்துலயே விமானம் குண்டு போட்டிருக்கு. ஒருத்தரும் மிஞ்சல."



"என்ன வயசு இருக்கும்?"

"இருபது, இருபத்தொண்ணு."

"கல்யாணங்கூட ஆயிருக்காதேலே. அந்தப் பிள்ளையளுக்குத் தண்ணி விட யாரு இருக்கா?"

அறுவை சிகிச்சைக்கு முந்தைய அமாவாசையன்று சீவலப்பேரி ஆற்றங்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். முடிந்து எழப்போனவனை அக்கா விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேரு இருக்காவ சாமி."

ஐயர் பெயர்களைக் கேட்டார். நான் விழித்தேன். அக்காதான் சொன்னாள்.

"பேரு தெரியாது சாமி. எங்கப்பாவுக்குத் தண்ணி குடுத்த பயலுவ."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என் கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். அந்தப் பையன்கள் அன்று பேசாமல் போயிருந்தால் அக்காவும் இல்லை, நானும் இல்லை. அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கு அது உறைத்தது. அழுதுகொண்டே கையைச் சாய்த்தேன்.