எஸ்தரைத் தூங்க விடாதவர்கள்

சாயங்கால டியூட்டிக்கு வந்து, காலை டியூட்டி சிஸ்டரிடம் நோயாளிகளின் விவரம் கேட்டுக்கொண்டிருந்தபோது கலைவாணி போன் செய்தாள். நர்சிங் படித்த காலத்தில் எஸ்தரோடும் என்னோடும் ஒரே விடுதி அறையில் இருந்தவள். நான் வார்டில் இருக்கும் நேரத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதனாலேயே எடுத்தேன்.

"எஸ்தர் போய்ட்டாடி" என்றாள்.

எஸ்தர் வளைகுடா நாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "விசா வந்துடுச்சா? எங்கிட்ட சொல்லவேல்லியே" என்றேன். மறுமுனையில் கலைவாணி அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காஞ்சிபுரம் பக்கத்து நர்சிங் ஹோம் ஒன்றில் எஸ்தர் வேலை செய்துகொண்டிருந்தாள். முதல் நாள் இரவு டியூட்டி முடித்தவளை வீட்டுக்கு விடவில்லை. காலையில் வரவேண்டிய பெண் வரவில்லை, நீயே பார்த்துவிட்டுப் போ என்றிருக்கிறார்கள். பார்த்தாள். மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தன் ஊரான பெருநகரை நோக்கி வந்தவள், ஊர் நெருங்கும்போது சாலையோரம் நின்றிருந்த வைக்கோல் டிராக்டரின் பின்னால் போய் மோதியிருக்கிறாள். பிரேக் பிடித்த அடையாளம் ரோட்டில் இல்லை என்றார்கள். ஹெல்மெட் போட்டிருந்தாள். அதை அவள் எப்போதும் போடுவாள். போலீசார் எழுதியதில் 'அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டி' என்று இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

அடக்கத்துக்குப் போனபோது எஸ்தரின் காலனி முனையில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'வெள்ளுடை தேவதைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, கீழே நர்சிங் ஹோமின் பெயர் அவள் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அதன் மேனேஜர் மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றி, கண்களை மூடி, கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எஸ்தரின் அம்மாவிடம் வந்து, "எங்க வூட்டுப் பொண்ணு மாதிரிம்மா. சேவைன்னா அப்பிடியொரு சேவை" என்றார். அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வூட்டுப் பொண்ணுன்னா, ஏன்யா அவளத் தூங்க வுடல?"

பக்கத்தில் நின்றவர்கள் மேனேஜரைக் காருக்கு அழைத்துப் போனார்கள்.

எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து அவளுக்காக ஒரு சிறு நினைவு மலர் கொண்டுவருவதாகச் சொல்லி என்னை எழுதச் சொன்னார்கள். "நல்லவிதமா எழுதுடி, படிக்கிறவங்க மனசு ஆறணும்" என்றாள் கலைவாணி. யார் மனதையும் ஆற்றுகிற நிலையில் நான் இல்லை. எனக்குத் தெரிந்த எஸ்தரை எழுதுகிறேன்.

டிப்ளமோ நர்சிங்கின் முதல் நாள் வகுப்பில் எங்கள் எல்லோரையும்விட மூத்தவள் அவள்தான். நாங்கள் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். அவள் அதற்கு முன்பே ஒரு வருடம் 'நர்சிங்' படித்திருந்தாள். 'நர்சிங் படிக்கலாம், வேலை உறுதி' என்று பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சேர்ந்த இடம் அது. மாடியில் இரண்டு அறை, ஒரு பொம்மை, ஒரு எலும்புக்கூட்டுப் படம். அவள் நைனா வைத்திருந்த ஒரே கறவை மாடு அதற்குத்தான் போயிற்று. படித்து முடித்துப் பதிவு செய்ய நர்சிங் கவுன்சிலுக்குப் போனால், அப்படி ஒரு படிப்பே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஊசி போட்டாள். இது தப்பு, என்றைக்காவது யார் உயிராவது போகும் என்று அவளுக்கே தோன்றி, வேலையை விட்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்க வந்திருந்தாள்.

நாங்கள் 'அக்கா' என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். "ஒரே பெஞ்சில குந்திக்கினு இன்னாடி அக்கா?" என்பாள். ஆனால் ஒன்றை மட்டும் அக்காவைப் போல எல்லோருக்கும் சொல்வாள். "நர்சிங் படிக்கறதுக்கு முன்னால, எங்க படிக்கறதுன்னு படிக்கணும்."

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. வேலைக்குப் போன பிறகும், பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு உத்திரமேரூரில் அவள் படித்த பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். மார்க் ஷீட் வாங்க வரும் பெண்களைக் கூப்பிட்டு, எந்தப் படிப்புக்குப் பதிவு உண்டு, எதற்கு இல்லை, சயின்ஸ் குரூப் எடுக்காதவர்கள் எதில் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு எப்படி டிகிரி வாங்கலாம் என்று சொல்வாள். ஒரு வருடம் நானும் கூடப் போனேன். அந்த மாடி நர்சிங் ஆள் ஒருவன் பைக்கில் வந்து, "எம்மா, எங்க பொயப்புல ஏம்மா மண்ணள்ளிப் போடற?" என்று சத்தம் போட்டான். "எங்க நைனா பொயப்புல நீ போட்டல்ல, அது மாதிரிதான்" என்றாள். அவன் பள்ளிக்கூடத்திலேயே புகார் செய்தான். அடுத்த வருடம் வாட்ச்மேன் அவளை வாசலில் நிற்க விடவில்லை. எதிர்ப்புறம் டீக்கடைப் பக்கமாகப் போய் நின்றாள்.

படிப்பு முடிந்ததும் அவளும் நானும் ஒரே நாளில் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தோம். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பாதியில் ஓடிப்போகாமல் இருக்கவாம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு மாதம் யாராவது கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்று கல்லூரியில் கேள்விப்பட்டிருந்தோம். எங்களுக்கு அன்று சாயங்காலமே ஆளுக்கொரு வார்டு கொடுத்துவிட்டார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன். எஸ்தர் அழவில்லை. வார்டில் பெருக்குகிற அம்மாவிடம் ஆக்சிஜன் எங்கே, அவசர மருந்து எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்து எனக்கும் சொன்னாள்.

அந்த வருடம் செவிலியர் தினத்தன்று கேக் வெட்டி, ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, தேவதைகள் என்று பேசினார்கள். கைதட்டி முடித்ததும் அவள் என் காதருகே, "தேவதைன்னா பசிக்காது, தூக்கம் வராது, லீவு கேக்க மாட்டா. அதான் நம்மள அப்பிடிக் கூப்புட்றாங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். இப்போது அந்த பிளெக்ஸை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் வார்டில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மத்தியானத்திலிருந்து அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வயிறு கல்லாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் தன் சொந்த கிளினிக்கில் இருந்தார். "டிரிப்ஸ் வேகமா வுடு, வரேன்" என்றார். வரவில்லை. மறுபடியும் செய்தேன். கடைசியில் எடுக்கவே இல்லை. அடுத்த டியூட்டிக்குச் சீக்கிரமே வந்திருந்த எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் இறந்துபோனார்.

சொந்தக்காரர்கள் வார்டுக்குள் கூடிவிட்டார்கள். அந்த மருத்துவமனையின் மேனேஜர் வந்தார். டாக்டரின் பெயரையே எடுக்காமல், "புதுசா வந்த பொண்ணு. அஜாக்கிரதையா வுட்டுட்டா. நடவடிக்கை எடுக்கறோம்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். பெரியவரின் மகன் என்னை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். எஸ்தர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணா, இவள அடிச்சா உங்கப்பா வரமாட்டாரு. மத்தியானத்திலேர்ந்து இவ டாக்டருக்குப் போன் பண்ணிக்கினே கீறா. அவரு வரல. எங்க கீறாருன்னு இவரக் கேளுங்க."

ஓங்கிய கையை இறக்கிவிட்டு அவன் மேனேஜர் பக்கம் திரும்பினான்.

மறுநாள் எங்கள் இருவரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். சர்டிபிகேட் கேட்டதற்கு, ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்றார்கள். அந்த வாரம்தான் நாங்கள் இருவரும் எழுதியிருந்த அரசு செவிலியர் தேர்வின் முடிவு வந்திருந்தது. அவள் பெயரும் என் பெயரும் அதில் இருந்தன. சர்டிபிகேட் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள்.

எங்களுக்கு நிலம் உண்டு. அப்பாவுக்கு நாலு பேரைத் தெரியும். கட்சிக்காரர் ஒருவரைக் காரில் அந்த மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காபி கொடுத்து உட்காரவைத்து, என் சர்டிபிகேட்டுகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். எஸ்தருடையதையும் கேளுங்கள் என்று நான் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று சண்டை பிடித்தேன். "ஊரான் வூட்டுப் பேஜாரெல்லாம் நம்பளுக்கு எதுக்கு? காலனிப் பொண்ணுக்காகப் போய் நின்னன்னு நாளைக்கு ஊர்ல பேசுவானுங்க" என்றார். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்த ஒன்றுக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

எஸ்தரின் நைனா கூலி வேலையை விட்டுவிட்டு அந்த மருத்துவமனை வாசலில் போய் நின்றார். நானும் எஸ்தரும் கூட நின்றோம். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிற கார்களுக்கெல்லாம் அவர் கும்பிடு போட்டார். "நைனா, துண்ட மேல போடு. நாம ஒண்ணும் திருடல" என்று எஸ்தர் அதட்டினாள். அவர் போடவில்லை. மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரிபார்ப்பு அன்று நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். அவள் கையில் ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. மேஜைக்கு எதிரே நின்று நடந்ததைச் சொன்னாள். அங்கிருந்த அதிகாரியம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "ஒரிஜினல் இல்லாம நான் எதுவும் பண்ண முடியாதும்மா" என்றார். திரும்பி வரும்போது எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். செங்கல்பட்டு தாண்டிய பிறகு, "உனுக்கு எந்த ஊர்ல போடுவாங்க?" என்று கேட்டாள். அவள் அன்று கேட்டது அது ஒன்றுதான். சரிபார்ப்புத் தேதி தாண்டிய பிறகு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளுடைய சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள்.

"நீ அன்னிக்குப் பேசாம இருந்திருக்கலாம்" என்று பிறகு ஒருமுறை சொன்னேன். "இருந்திருந்தா உன் மூஞ்ச எப்பிடிப் பாக்கறது?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அடுத்த தேர்வுகளையும் எழுதினாள். டியூட்டிக்கு நடுவில் படித்து எழுதிய தேர்வுகள். கிடைக்கவில்லை. ஒரு நர்சிங் ஹோம், அதைவிட்டு இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தாள். எல்லா இடத்திலும் ஆள் போதாது. எல்லா இடத்திலும் அவள்தான் இரண்டு ஆள்.

'நேர்மைக்கு என்றைக்காவது பலன் உண்டு' என்று அன்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். அவளுக்கு என்ன பலன் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டிக்கு முன்னால் சண்டை வந்திருக்கும்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். நாங்கள் முதலில் சேர்ந்த அந்த மருத்துவமனையில் நர்சுகள் டியூட்டியில் உட்காரக்கூடாது. மேஜை உண்டு, நாற்காலி கிடையாது. மேலே கேமரா. ஒரு நாள் எஸ்தர் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்களின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். உடனே போன் அடித்தது. "யாரும்மா அங்க குந்திக்கினு கீறது?" என்ற சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "நான்தான், எஸ்தர். காலு வலிக்குது சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே எழுதி முடித்தாள்.

இப்போது நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில் என் வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களை நான் முதலில் உட்காரச் சொல்கிறேன். நாற்காலிகள் போதாது என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எஸ்தரை அடக்கம் செய்த மறுவாரம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். கையில் பேனாவோடு மேஜையருகே நின்றுகொண்டே எழுதினாள்.

"உட்காரும்மா" என்றேன்.

அவள் நாற்காலியைத் தொட்டாள். தலையைத் தூக்கிக் கூரையின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.