மழைக்கு ஒரு கரண்டி உப்பு

எங்கள் மகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஆக்லாந்துக்குப் பக்கத்திலிருக்கும் வைஹீகே தீவுக்குப் போகும் ஃபெரியிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தவள். அவளுக்கு வாய்த்த வேலையோ கடல் நீரின் உப்பை ஆராய்வது. இத்தனை காலம் நகர மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் அளந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன கோடையில் முதல் முறையாக அவளையே கப்பலில் தெற்கே போகச் சொன்னார்கள். ஆறு வாரம். போய்ப் படுத்துவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குப் பயம். எனக்கு அதைவிட அதிகம்.

"மாத்திரை போட்டா தூக்கமா வருது. அம்மாவோட உப்பு எலுமிச்சை இருந்தா சமாளிச்சுடுவேன்" என்றாள்.

புறநகரான பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு எலுமிச்சை மரம் உண்டு. இருபத்திரண்டு பழம் பறித்தேன். என் மனைவி ஒவ்வொன்றையும் நான்காக நறுக்கி, உப்புப் போட்டு ஜாடியில் ஊறவைத்தாள். நன்றாக ஊறியதும் பகலில் துண்டுகளைத் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி அதே உப்புநீரில் போட வேண்டும். ஜாடியில் நீர் வற்றும்வரை இதே வேலை. காவல் எனக்கு.

ஆக்லாந்து வெயிலை நம்பி வீட்டுப் பின்புற மரத்தளத்தில் எதையும் வைக்க முடியாது. செய்தி பார்க்க உட்கார்ந்தால் மழை. தாம்பாளத்தில் நின்ற தண்ணீரைக் கொட்டப் போனேன்.

"கொட்டாதீங்க. பழத்துல இருந்த உப்பு அதுலதான் இறங்கியிருக்கு. ஜாடியிலயே ஊத்துங்க" என்றாள் மனைவி.

ஊற்றினேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் சப்பென்றிருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டால்? அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு கரண்டி உப்புப் போட்டேன். ஐந்து முறை நனைந்தது. ஐந்து கரண்டி.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மகள் வந்தாள். துண்டுகள் நன்றாகச் சுருங்கி, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றை வாயில் போட்டவள் சிங்குக்கு ஓடினாள்.

"என்னம்மா இது, உப்பு மூட்டையைக் கவுத்துட்டியா?"

"நான் அளவாத்தான் போட்டேன். உங்கப்பாவைக் கேளு."

சொல்ல வேண்டியதாயிற்று. மகள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பா, மழை உப்பை எடுத்துட்டுப் போகலையே. தண்ணியத்தானே சேத்துச்சு? வெயில் அந்தத் தண்ணியத் திரும்ப எடுத்துக்குச்சு. உப்பு அங்கயேதான் இருந்துச்சு. நான் படிக்கிறதே இதைத்தான்."

"கடல்லயும் யாராவது திருட்டுத்தனமா உப்புப் போடுறாங்களா?" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

"ஆறு போடும்மா. பாறையைக் கரைச்சுக் கொண்டுவரும். ஆனா அது கோடி வருஷக் கணக்கு. நாங்க அளந்துட்டு வர்ற காலத்துல மொத்த உப்பு அப்படியேதான் இருக்கு, தண்ணிதான் இடம் மாறுது. வெயில் அதிகமா உறிஞ்சுற இடத்துல கடல் கரிக்குது. மழை கொட்டுற இடத்துல சப்புனு ஆகுது. பூமி சூடாக ஆக ரெண்டுமே கூடுது. தெற்கே ஐஸ் வேற உருகிக் கலக்குது. அதைப் பாக்கத்தான் போறேன்."

கணக்கு எனக்குப் புரிந்தது. கூடவே கவலையும் வந்தது. வேறு பழம் ஊறப்போட நாள் இல்லை.

"அப்ப இது உனக்கு ஆகாதா?"

அவள் எல்லாவற்றையும் பாட்டில்களில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் வாரம் சேதி இல்லை. பிறகு ஒரு நாள் கப்பலிலிருந்து வீடியோவில் அழைத்தாள். முகம் வெளுத்திருந்தாலும் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியலப்பா. அப்புறம் ஒரு துண்டைத் தண்ணியில போட்டுவெச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சேன். வயித்துல நின்னுச்சு. இப்ப என் ஷிஃப்ட்டை நானே பாக்குறேன்."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு துண்டுக்கு ஒரு லிட்டர். நீங்க போட்ட உப்புக்கு அவ்வளவு வேணும். கேப்டன்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்."

மனைவி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு பழத்துக்கு எண்பத்தெட்டுத் துண்டு. சிங்கில் துப்பியது போக எண்பத்தேழு. ஒரு நாளைக்கு இரண்டு என்றால் ஆறு வாரத்துக்கு மூன்று மிச்சம்.

கேப்டனுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.