பன்னிரண்டு பேருக்கு அடித்த கார்டு

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஏலக்காய் பாக்கெட்டுக்கு லேபிள், அடையாள அட்டை எல்லாம் அடித்துக் கொடுப்பேன். என் பக்கத்து வீட்டு அக்கா மலையடிவாரத்துக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் ஜீப்பு வரும்; பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறிப் போவார்கள்.

கார்டு யோசனை ஜீப்பு ஓட்டும் அண்ணனுடையது. ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"ஆளுக்கு ஒரு சீக்கு இருக்கும் தங்கச்சி. யாருக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. மேல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? கழுத்துல மாட்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்."

கார்டில் எழுத்தாகவே அடித்துவிடலாம் என்றேன். அன்று சாயங்காலமே அக்கா வந்து மறித்தார்.

"வேணாம் பாப்பா. எனக்குச் சக்கரை, தெனம் ஊசி போடுறேன்னு கங்காணிக்குத் தெரிஞ்சா, நாளைலருந்து வராதன்னுருவாரு. பாத்தவொடன தெரியாத மாதிரி செய்யி."

மற்ற பெண்களுக்கும் அதே பயம். அதனால் கியூஆர் கோடு என்று முடிவானது. விவரத்தை அவரவர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்கள்.

அதில் இரண்டு வகை உண்டு. விவரத்தை அந்தக் கட்டங்களுக்குள்ளேயே எழுதிவிடலாம். போனைக் காட்டினால் நெட் இல்லாமலே எழுத்தாக வரும். ஆனால் எழுத்து கூடக் கூடக் கட்டங்கள் பொடிப்பொடியாக நெருங்கிவிடும். நாளை மாத்திரை மாறினால் கார்டையே புதிதாக அடிக்க வேண்டும். இன்னொரு வகையில் விவரம் நெட்டில் ஒரு பக்கத்தில் இருக்கும். கட்டத்துக்குள் அந்தப் பக்கத்தின் முகவரி மட்டும். கார்டு லட்சணமாக இருக்கும். கடையில் உட்கார்ந்தபடியே விவரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நான் இரண்டாவதை எடுத்தேன். கடையில் எல்லா போனிலும் பளிச்சென்று திறந்தது. அந்தந்தப் பெண்ணின் படம், மேலே பெயர், கீழே சிவப்பில் எச்சரிக்கை. எனக்கே பெருமையாக இருந்தது. மலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தோன்றவில்லை. தோட்டத்துப் பக்கம் சிக்னல் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? போடியில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நடந்ததை ஜீப்பு அண்ணன் சொல்லித்தான் கேட்டேன். மழைக்காலம். அக்கா வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் ஜீப்பில் ஏறியிருக்கிறார். பத்து மணி வாக்கில், சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். பிறகு கையும் காலும் வெட்டின. கூட இருந்தவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நடுக்கம் தொடங்கியபோதே அண்ணன் ஓடிவந்து கார்டில் போனைக் காட்டியிருந்தார். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பாறை மேல் ஏறிப் பார்த்தார், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். சுற்றிக்கொண்டேயிருந்தது.

அந்தப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தது இதுதான்: சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறவர். நடுங்கினால், உளறினால், உடனே சீனி கொடுக்கவும்.

"நடுங்குறப்பவே ஏங்கிட்ட ஓடி வந்தாளுக தங்கச்சி. அப்ப முழிச்சுத்தான் இருந்துச்சு. பக்கத்துலயே டீ கேன் இருந்துச்சு, சீனி போட்ட டீ" என்றார் அண்ணன். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

குரங்கணிக்கு இறங்கிய பிறகுதான் பக்கம் திறந்தது. அதற்குள் அக்கா நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் மிஞ்சியது. மூளைக்குச் சர்க்கரை போகாமல் ரொம்ப நேரம் இருந்துவிட்டது என்றார்கள். பல நாள் கழித்துக் கண் திறந்தவர் யாரையும் யாரென்று சொல்லவில்லை.

அவருடைய வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ நல்லதுக்குத்தான ஆத்தா செஞ்ச" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்குப் புரியவில்லையோ என்று தோன்றியது.

"வேற மாதிரி செஞ்சிருந்தா சிக்னல் இல்லாமயே எழுத்து வந்திருக்கும் மாமா. நாந்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்."

"அப்ப அன்னைக்கி வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மற்ற பதினொரு கார்டையும் வாங்கிக் கிழித்துப் போட்டேன். புதிதாக அடித்தேன். இந்த முறை ஆளுக்கு நாலைந்து வார்த்தைதான், கட்டங்களுக்குள்ளேயே எழுத்து. ஜீப்பில் நானும் ஏறிப் போனேன். ஏலச்செடிகளுக்கு நடுவே மழையில் நின்று, சிக்னல் இல்லாத போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினொன்றும் திறந்தன. பெண்கள் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் பின்னாலேயே வந்து, "கங்காணி பாத்தாப் பாத்துட்டுப் போறாரு, மேல எழுத்தாவும் அடிச்சுக் குடுங்க" என்றார்கள். அடித்துக் கொடுத்தேன்.

அக்கா இப்போது வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மாமா ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறார். கடையைப் பூட்டிவிட்டு வரும்போது நின்று, "அக்கா" என்பேன். தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல் பார்ப்பார்.

போன வாரம் மாமா ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அன்றைக்குப் பிறகு கடைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"எத்தனை காப்பி மாமா?"

"ரெண்டு."

அடித்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.