பள்ளிக்கூட வராந்தாவுல கற்பகம் விரிச்ச கம்பளி

கற்பகத்தைப் பத்தி எங்க எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள்ல யாரைக் கேட்டாலும் வாயாடின்னுதான் சொல்லுவாங்க. ஏலத்தோட்டத்துல காய் எடுக்குறவ. போடிப் பக்கத்துல இருந்து இந்தக் கேரளத்து மலைக்குக் கட்டிக்கிட்டு வந்தவ. ஒருக்கா காய் எடை போடயில கணக்கப்பிள்ளை எடையைக் கம்மியாக் காட்ட தராசுக்கு அடியில நைசா காலை முட்டுக் குடுத்தாரு. "காலை எடும் ஓய், இல்லன்னா அதையும் பறிச்சு மூட்டையில போட்டுருவேன்"னா. புருஷன் ஈஸ்வரன் ஜீப்பு ஓட்டுறான். அவன் ஜீப்புலயாவது ஹாரன் இருக்கு, வீட்டுல அவனுக்கு அதுவும் கிடையாது.

மக தர்ஷனா ரெண்டாங் கிளாஸ். கீழ பஜார்ல இருக்குற இங்கிலீஷ் மீடியம். எட்டு மணிக்குப் பெல்லு. பஸ்ஸு ஒண்ணே ஒண்ணு, அதனால ரெண்டு ட்ரிப்பு. மொத ட்ரிப்பு மேல இருக்குற லயத்துப் பிள்ளைகளுக்கு, ரெண்டாவது பஜார் பிள்ளைகளுக்கு. எங்க முக்குல என் டீக்கடை வாசல்ல ஆறு மணிக்கு பஸ்ஸு வந்து நிக்கும். நான் அடுப்புல வச்ச பாலு அப்ப பொங்கியிருக்காது. இந்த டைமை யாரு போட்டதுன்னு டிரைவர் ஜோபியைக் கேட்டா வானத்தைக் காட்டுவான். வானத்துல இருந்து எவனும் போடல, பள்ளிக்கூட மேனேஜர் பிரதீப் சாருதான் போட்டாரு. அவரு எந்திரிக்கிறது ஏழரைக்குன்னு அவரு வீட்டுக்குப் பாலு ஊத்துறவன் சொன்னான்.

மத்த மாசமெல்லாம் எப்படியோ ஓடிரும். ஜூன் மாசந்தான் கொடுமை. பெரிய லீவுக்கு லயத்துப் பிள்ளைக எல்லாம் மலை இறங்கி கம்பம், போடின்னு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிரும். அங்க அனலு. ராத்திரி மொட்டை மாடியில பாயைப் போட்டு, திருவிழா ரேடியோ ஓயுற வரைக்கும் அரட்டை. வெயிலு மூஞ்சியில அடிச்சாத்தான் எந்திரிக்கும். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முந்தின நாள் கடைசி பஸ்ஸுல மலையேறும். விடிஞ்சா இங்க மழை, குளிரு, இருட்டு. நேத்து வரைக்கும் இஷ்டத்துக்குத் தூங்குன பிள்ளையைக் கோழி கூப்பிட எழுப்பினா அது பிள்ளையாவா இருக்கும்? ஈரச் சாக்கு மூட்டை.

அதுக்கு எங்க லயத்துல ஒரு வழி வச்சிருக்காளுக. ராத்திரியே குளிப்பாட்டி, ரெட்டைச் சடை பின்னி, யூனிபாரத்தை மாட்டி, சாக்ஸ் வரைக்கும் போட்டுப் படுக்க வச்சிருவாளுக. காலையில வாயைக் கொப்புளிக்க வச்சு அப்படியே தூக்கி பஸ்ஸுல ஏத்த வேண்டியதுதான். அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். இதுல ஒருத்திக்கும் வெக்கம் கிடையாது. வெக்கப்பட வேண்டியவன் டைமு போட்டவன்.

இந்த ஜூன்ல ஒரு திங்கக்கிழமை, கசங்குன பாவாடையோட போன தர்ஷனாவை கிளாஸ் டீச்சர் அன்னமேரி எல்லார் முன்னாடியும் எந்திரிக்க வச்சு, "குளிக்காம வந்தியா?"ன்னு கேட்டுருக்காங்க. பிள்ளை நின்னுக்கிட்டே தூங்கியிருக்கு. உக்காரச் சொன்னா புத்தகத்து மேல கவுந்துருச்சு. ஆத்தாளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க.

அங்க நடந்ததை ஜோபி ஒரு மாதிரி சொன்னான், கற்பகம் ஒரு மாதிரி சொன்னா. ரெண்டையும் கலந்து ஆத்தி நான் சொல்றேன்.

"சேச்சி, குட்டி எப்பவும் உறக்கம். ரெண்டாங் கிளாஸ் இவளுக்கு ஆவாது. திரும்ப ஒண்ணுல இருத்தலாம்"னு டீச்சர் மலையாளம் கலந்து சொல்லியிருக்காங்க.

"டீச்சரே, மார்ச் மாசம் ஒண்ணாங் கிளாஸ்ல இவ நோட்டுல ஸ்டார் ஒட்டுனது நீங்கதான? இல்ல அதுவாப் பறந்து வந்து ஒட்டிக்கிருச்சா?"

"அப்ப படிச்சா. இப்ப எல்லாம் மறந்துபோச்சு."

"மறக்கல. தூங்குது."

பிரதீப் சாரு குறுக்க வந்தாரு. "ராத்திரி எட்டு மணிக்கு உறங்க வைக்கணும். மொபைல் குடுக்கக் கூடாது. பேரன்ட்ஸ்தான் கவனிக்கணும்."

"எட்டு மணிக்குத்தான் சார் எங்க வீட்டுல உலையே கொதிக்குது. பலகைச் சுவரு. அடுத்த வீட்டுக்காரன் இருமினா இவ முழிச்சுக்குவா. சரி, எப்பாடு பட்டாவது நான் தூங்க வைக்கிறேன். நீங்க ட்ரிப்பை மாத்துங்க. பிள்ளைகளுக்குப் பழகுற வரைக்கும், இந்த மாசம் மட்டும் பஜார் பிள்ளைக மொதல்ல வரட்டும்."

"அவங்க சம்மதிக்க மாட்டாங்க."

"எங்ககிட்ட என்னைக்கு சார் சம்மதம் கேட்டீங்க?"

சாரு போனை எடுத்துப் பாத்துக்கிட்டே, "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலன்னா ஒண்ணாங் கிளாஸ்தான்"னு முடிச்சுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் கற்பகம் என் கடைக்கு வந்தா. மூஞ்சி தணலா இருந்துச்சு.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் கற்பகம், இல்ல இன்னைக்கு மிளகாய்ப்பொடியா?"ன்னேன்.

"அதை உன் வாயில கொட்டிக்கண்ணே. பிள்ளையை ஒரு கிளாஸ் கீழ எறக்குறானுகளாம். மக்குன்னு பேரு வச்சுட்டா அவ காலத்துக்கும் அதைச் சுமக்கணும்." அப்புறம் டீ குடிச்சுக்கிட்டிருந்த ஜோபி பக்கம் திரும்பி, "ஏப்பா, நீ ஏழு மணிக்கு முன்னாடியே கொண்டுபோய் எறக்கிருதியே, எட்டு மணி வரைக்கும் பிள்ளைக எங்க இருக்கும்?"னா.

"வராந்தாவுல சேச்சி. கிளாஸ் பூட்டித்தான் இருக்கும். நான் பஜார் பிள்ளைகளை எடுக்கப் போயிருவேன்."

"மழை அடிச்சா?"

"செவுத்தோரமா ஒதுங்கிக்குவாங்க."

கிளாஸைப் பெஞ்சுல வச்சா பாருங்க, கீறலு விழாதது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் விடியக்காலம் தலையில ஒரு பெரிய கட்டோட வந்தா. மழையில தோட்டத்துக்குப் போறப்ப பொம்பளைக தலையோட போத்திக்கிற கருப்புக் கம்பளிக. இப்ப எல்லாரும் பிளாஸ்டிக் தாளுக்கு மாறிட்டாலும் கம்பளி வீட்டுக்கு வீடு கிடக்கும். ராத்திரியே வீடு வீடாப் போய் வாங்கியிருக்கா. ஜோபி கம்பளியைப் பாத்தான், அவ மூஞ்சியைப் பாத்தான், கதவைத் தொறந்துவிட்டான். கடையை என் சம்சாரத்துகிட்ட விட்டுட்டு நானும் ஏறிட்டேன். இதைப் பாக்காம பால் ஆத்திக்கிட்டு இருக்க நான் என்ன சாமியாரா?

பள்ளிக்கூட வாசப்படியில இருந்து ஆபீஸ் ரூம் கதவு வரைக்கும் கம்பளியை விரிச்சா. பிள்ளைகளை வரிசையாப் படுக்க வச்சு, மேல இன்னொரு கம்பளியைப் போத்துனா. படுத்த மாத்திரத்துல அத்தனையும் தூங்கிருச்சு. வேடிக்கை பாக்க வந்த நானே என் துண்டை எடுத்து ஓரத்துல கிடந்த பிள்ளைக காலுல போத்தி விட்டேன்னா பாத்துக்கங்க.

கொஞ்ச நேரத்துல, பஸ்ஸுல வராத பஜார் பிள்ளைகளைக் கொண்டுவர்ற காருக வர ஆரம்பிச்சுச்சு. மசாலாக் கடை வச்சிருக்குற டின்சி மகனை எறக்கி விட்டுட்டு அப்படியே நின்னுட்டாங்க. "இவங்களுக்கு என்ன, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா, பஸ்ஸு. உங்க மகன் வீட்டுல போத்திப் படுத்திருந்தப்பவே இதுக இங்க வந்துருச்சுக"ன்னா கற்பகம்.

டின்சி போனை எடுத்து போட்டோ புடிச்சாங்க. பின்னாடியே பிரதீப் சாரு ஓடி வந்தாரு.

"என்ன இது? எடுங்க எல்லாத்தையும்."

"மெதுவாப் பேசுங்க சார். பிள்ளைக தூங்குது."

மனுசனுக்கு ஆபீஸுக்குள்ள போக வழியில்ல. பிள்ளைகளைத் தாண்டித்தான் போகணும். பெத்தவங்க அத்தனை பேரு பாக்கயில எப்படித் தாண்டுவாரு? மழையில குடையப் புடிச்சுக்கிட்டு முற்றத்துலயே நின்னாரு. பெல்லு அடிக்கிற வரைக்கும் நின்னாரு.

அன்னமேரி டீச்சர் வந்ததும் கற்பகம் மகளை எழுப்பி, கண்ணைத் தொடச்சு விட்டு, "இப்பப் படிக்கச் சொல்லுங்க டீச்சரே"ன்னா. கன்னத்துல கம்பளித் தடம் பதிஞ்சிருந்துச்சு பிள்ளைக்கு. டீச்சர் விரிச்சுக் குடுத்த பக்கத்தை ஒரு எடத்துல திக்கி, அப்புறம் கடகடன்னு வாசிச்சு முடிச்சுட்டா. டீச்சர் அடுத்த பக்கத்தையும் திருப்புனாங்க. அதையும் வாசிச்சா.

"இவ ரெண்டுலயே இருக்கட்டும்"னாங்க டீச்சர், பிரதீப் சாரு பக்கமே பாக்காம.

டின்சி புடிச்ச போட்டோ பெத்தவங்க வாட்ஸப்புல ஒரு சுத்து வந்துச்சு. ட்ரிப்பை மாத்துவாருன்னுதான் நானும் நெனச்சேன். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? அடுத்த வாரம் ஒரு காலி ரூமைத் தொறந்து பாயைப் போட்டு, "காலை ஓய்வறை"ன்னு வாசல்ல போர்டு மாட்டிட்டாரு. அதுக்கு முன்னாடி நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டாரு. பஸ்ஸு அதே ஆறு மணிக்குத்தான் வருது.

மகளைத் தோள்ல போட்டுத் தூக்கியாந்து ஏத்தி விட்டுட்டு நின்னவகிட்ட, "என்ன இருந்தாலும் ஜெயிச்சுட்ட கற்பகம்"னேன்.

"என்னத்த ஜெயிச்சேன்? என் வீட்டுல தூங்குற பிள்ளையை எழுப்பி, மழையில நனைச்சு, பஸ்ஸுல ஏத்தி, அங்க கொண்டுபோய்த் தூங்க வைக்கிறானுக. அந்தத் தூக்கத்தை இங்கயே தூங்குனா எவன் குடியண்ணே முழுகிப்போகுது?"

அவ வேலைக்கு நேரமாச்சுன்னு கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்துட்டா.