மேடைக்கு ஏறிய மண்கோடு

மலேசியாவில், எங்கள் பூச்சோங் வீட்டில் என் கோபமெல்லாம் வாசல் கறிவேப்பிலைச் செடியின் மாவுப்பூச்சி மேல்தான். இலைக்கடியில் வெள்ளையாக, ஒளிவுமறைவில்லாமல் உட்கார்ந்திருக்கும். தினமும் சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். பாதி வழியில், ஒன்று தப்பியிருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

சுவரோரமாக ஒரு மண்கோடு எங்கள் மரச் சாமி மேடைக்கு ஏறியபோது, மனைவி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். "புத்துங்க. அம்மனே தேடி வந்திருக்கா, கை வச்சிடாதீங்க." கரையான் என்று தெரிந்தும் பயத்தில் நானும் கும்பிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கை வைத்ததும் மேடை அப்படியே உள்ளே அமுங்கியது. பெயிண்ட் மட்டும்தான் மிச்சம். உள்ளே மரமே இல்லை.

மருந்து அடிக்க வந்தவர் கேட்டார்: "எவ்வளவு நாளா இருக்கு பாஸ்? பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

சும்மா இருக்கவில்லை; கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.