நுவரெலியாக் குளிர்

நானும் கணவரும் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்து உடுவிலில் இருந்தோம். மலைநாட்டு நுவரெலியாக் குளிரை ஒருக்கால் அனுபவிக்கவேண்டும் என்று அவர் கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு வருத்தம் வந்து படுத்தா ஆர் பார்க்கிறது? காசு பாங்கிலை கிடக்கட்டும்" என்று தடுத்துவிடுவேன்.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் குழறியது. மனம் கேளாமல் வான் பிடித்து அவரை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் வானை நிறுத்தி, "இஞ்சை பாருங்கோப்பா, மலையிலையிருந்து புகார் வெள்ளையாய் இறங்குது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. "குளிருது... வீட்டை போவம்" என்று குழந்தைபோல அழுதார். போர்வையால் மூடி, அவரை அணைத்தபடியே திரும்பிவந்தேன்.

நான் நினைத்தபடியே அந்தக் காசு இப்போது அவருடைய மருந்துக்கு உதவுகிறது. ஆனால் என்னிடம் ஆசையோடு கேட்ட அந்த மனுசனை இனி நான் எங்கேயும் கூட்டிப்போக முடியாது.