நாற்பத்து நான்கு ஜோடி

போன வருஷம் ஓட்டு எண்ணும்போது லைப்ரரி அறையில் ஹெட்மாஸ்டர் இருந்தார். லைப்ரரி டீச்சர் இருந்தார். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தி கண்ணாடி போட்டவள், இன்னொருத்தி குள்ளம். இரண்டு நாளும் ஓட்டு டப்பாக்களுக்குக் காவல் நின்றது அவர்கள்தான். கதவோரம் துடைப்பத்தோடு நான்.

நான் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற ஆள். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. அதற்கு முன்னால் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம் தையல் மிஷின். தோள் விட்டுப்போனதும் இங்கே வந்தேன். வீட்டுக்காரர் இல்லை. மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சில ஞாயிறு மறந்துபோவாள்.

லைப்ரரியில் வருஷா வருஷம் பத்துப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டும். பிறகு பிடித்த புத்தகத்துக்கு ஓட்டு. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஓட்டே விழாத புத்தகம் அட்டைப்பெட்டியில் ஏறி, பள்ளிகொண்டா பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விடும். பதிலுக்கு அங்கிருந்து ஒன்று வரும்.

அந்தப் பத்தில் ஒன்று ரயில்வே கேட்காரரைப் பற்றியது. படம் கிடையாது. அட்டை மங்கல். அந்த ஆள் கேட்டை மூடுவார், திறப்பார், சோறு பொங்குவார். வேறொன்றும் நடக்காது. பிள்ளைகள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் லைப்ரரியில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறப்பேன். ஒரு கை சோற்றில், ஒரு கை புத்தகத்தில். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அது இல்லாவிட்டால் மதியத்துக்குச் சுவர்தான் துணை.

அந்தப் புத்தகத்தை அனுப்ப வேண்டாம் என்று டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், நீங்க படிப்பீங்களா என்பார். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கேட்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் காகிதத்தில் ஓட்டு வைத்தார்கள். ஒரு பையன் நோட்டைக் கிழித்து ஆறு ஓட்டு போட்டுவிட்டான். ஹெட்மாஸ்டர் கத்தினார். இந்த வேலையே வேண்டாம் என்றார். டீச்சர் கெஞ்சிக் கேட்டு இன்னொரு தரம் நடத்த அனுமதி வாங்கினார். நேராக என்னிடம் வந்தார்.

"ஆயாம்மா, தோல்ல வட்டமா வெட்டித் தருவீங்களா? தோல நோட்டுலேர்ந்து கிழிக்க முடியாது இல்ல?"

"எத்தினி வேணும்?"

"எண்பத்தேழு."

கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கழிவுத் தோல் வாங்கினேன். வட்டம் வெட்டுகிற பஞ்ச் என்னிடம் இருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கினேன். நாற்பத்து நான்கு ஜோடி வந்ததும் நிறுத்தினேன். கம்பெனியில் எதையும் ஒற்றையாக எண்ணமாட்டோம். இடது ஒன்று, வலது ஒன்று, அதுதான் கணக்கு. பதினேழு வருஷப் பழக்கம். எண்பத்தேழு என்றால் ஜோடிக்கு ஒன்று குறையும் என்று கை தானாக எண்பத்தெட்டு வெட்டிவிட்டது.

டீச்சர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. ஒன்று என் கையில் மிச்சம். தோலின் ஓரத்தில் வெட்டியது. ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பத்து ஷூ டப்பா, மூடியில் ஓட்டை, மேலே புத்தகம். கேட்காரர் புத்தகம் கடைசி டப்பாவில். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள்.

"டேய், இன்னாடா யோசிக்கிற? பேய்க்கதைல போட்டுட்டு வா."

"நான் இன்னும் படிக்கவே இல்லடா."

"படிச்சவன்லாம் எங்க போட்டான்? அங்கதான் போட்டான். போடு."

நான் கூட்டிக்கொண்டே பார்த்தேன். பார்த்த வரைக்கும் கடைசி டப்பா பக்கம் யாரும் போகவில்லை. இரண்டாம் நாள் மதியம், காவல் பெண்கள் கை கழுவப் போன நேரம், முந்தானையை அவிழ்த்தேன். உள்ளே சத்தமே வரவில்லை. தோல் அப்படித்தான்.

மணி அடித்ததும் எண்ணினார்கள். பேய்க்கதைக்கு முப்பத்தொன்று. ஒவ்வொரு டப்பாவாகக் கொட்டினார்கள். குள்ளப்பெண் எண்ணினாள், கண்ணாடிக்காரி போர்டில் எழுதினாள். கடைசி டப்பாவைக் கவிழ்த்தாள்.

"ரெண்டு."

"பரவால்லையே, ஜோடியா குந்திக்கினு இருக்குது," என்று கண்ணாடிக்காரி சிரித்தாள்.

நான் போட்டது ஒன்றுதான்.

ஹெட்மாஸ்டர் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். "எண்பத்தெட்டு வருது. பிள்ளைங்க எண்பத்தேழு. இன்னாம்மா இது? இந்த வருஷமும் அதே கதையா?"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "யாருடி போட்டது?"

"சத்தியமா நாங்க இல்ல மிஸ்," என்றாள் குள்ளப்பெண். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதோட நிறுத்திடலாம்," என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். "சார், அது என்னுது. ஒண்ணு ஜாஸ்தியா வெட்டிட்டேன். நான்தான் போட்டேன்."

ஹெட்மாஸ்டர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"நீங்களா? எதுலம்மா போட்டீங்க?"

"கடைசி டப்பால."

"படிச்சீங்களா அத?"

"படிச்சேன் சார்."

அவர் திட்டவில்லை. "ஓட்டு பிள்ளைங்களுக்குத்தாம்மா. உங்களுத எடுத்துடுங்க," என்றார்.

மேஜைக்குப் போனேன். இரண்டும் ஒரே கறுப்பு. கட்டைவிரலால் தடவினேன். மெலிந்தது என்னுடையது. மற்றது வதங்கி, வியர்வையில் ஊறியிருந்தது. போடுவதற்கு முன்னால் யாரோ வெகுநேரம் அதைக் கைக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்காரி போர்டில் இரண்டை அழித்து ஒன்று என்று எழுதினாள். ஓட்டு நிற்கவில்லை. ஒன்று இருந்ததால் புத்தகமும் போகவில்லை.

அது யார் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். டீச்சரின் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இங்கேயே நின்று படித்திருக்க வேண்டும். மதியத்தில் கதவைத் திறந்தே வைத்தேன். பக்கத்து நாற்காலியில் புத்தகத்தை வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பிள்ளைகள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் போனவர்களில் ஒருவராக இருக்கலாம். பார்க்காமலே போட்டதாகவும் இருக்கலாம்.

இந்த வருஷப் பத்திலும் டீச்சர் அதை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஓட்டு. நேற்று தோல் வாங்கி வந்து வெட்டினேன். ஜோடி சேர்க்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினேன். பிள்ளைகள் தொண்ணூற்று மூன்று பேர்.

வெட்டியது தொண்ணூற்று மூன்று.